சைக்கிள் ரிம்மில் வளைந்த மரம்

நான் யாரையும் கேட்காமல் ஆரம்பித்து, கடைசிவரை விடாமல் செய்து முடித்த முதல் காரியம் ஒரு மரம். பெரிய மரமெல்லாம் கிடையாது. என் கணவர் கையைத் தூக்கினால் உச்சியைத் தொட்டுவிடுவார்.

கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தொண்ணூற்றாறு என்று நினைவு. அம்மா வீடு வாலாஜாபாத். ஒருமுறை அங்கே போய்விட்டு பஸ்ஸுக்கு நடந்து வரும்போது, அரிசி மில் முதலாளி ஒருவரின் பங்களா வாசலில் தோட்டக்காரர் வேலிச்செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். வெட்டிய குச்சிகள் தெருவோரம் குவிந்து கிடந்தன. பார்த்ததும் நின்றுவிட்டேன். ஒரே குச்சியில் பச்சை இலை, வெள்ளை இலை, பச்சையில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி இலை, நுனியில் ரோஸ் நிறத்தில் துளிர். தண்டு கருஞ்சிவப்பு. குனிந்து ஒரு கைப்பிடி அள்ளினேன்.

"ஆட்டுக்கா? ஆடு இத்த மோந்துகூட பாக்காதும்மா" என்றார் அவர்.

"நட்டா வருமா?"

"வேலிக்கு வெக்கிற செடி. இடுப்பு ஒசரம் வரும். வெட்டிக்கினே இருக்கணும். இல்லாட்டி வேருலருந்து அங்கங்க மொளச்சிக்கினு பேஜார் பண்ணும்."

பெயர் கேட்டேன். "கலர் செடி" என்றார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை.

கைக்குட்டையை நனைத்துக் குச்சிகளைச் சுற்றி, பஸ் நெரிசலில் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். நாங்கள் அப்போது ஒரு நெசவாளர் வீட்டின் பக்கத்துப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்குக் கடைத்தெருவில் சைக்கிள் கடை. போர்ஷன் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே கொஞ்சம் மண் தரை இருந்தது. அங்கே பதினொரு குச்சிகளை நட்டேன். பத்து காய்ந்து போயின. ஒன்று துளிர்த்தது.

வீட்டுக்காரம்மா அடுத்த போர்ஷனில் குடியிருந்தார். நான் அவரை அக்கா என்பேன். செடியைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, தேமல் வந்தாப்ல கீது? சீக்குச் செடிய கொணாந்து வாசல்ல வெச்சிகீறியே" என்றார்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் தெருவிலிருந்த விவசாயி ஒருவர் வீட்டில் ஒரு பிடி யூரியா கேட்டு வாங்கிப் போட்டேன். ஒரு மாதத்தில் செடி மொத்தமும் பச்சையாகிவிட்டது. வெள்ளையும் இல்லை, ரோஸும் இல்லை.

"பாத்தியா, சொஸ்தமாயிடிச்சி!" என்று அக்கா சந்தோஷப்பட்டார். எனக்கு அழுகை வந்தது.

பச்சைக் கிளைகளை எல்லாம் அடியோடு நறுக்கினேன். உரத்தை நிறுத்தினேன். செடிமேல் நிழல் விழ வைத்த முருங்கைக் கிளை ஒன்றை அக்காவிடம் கெஞ்சி வெட்டிக்கொண்டேன். நேர் வெயில் பட்டதும் புதுத் துளிர் சிவப்பாக வந்தது. விரிந்து ரோஸானது, பிறகு வெள்ளையானது. அதைச் சீக்கு என்று யார் சொன்னாலும் இனிக் கேட்பதில்லை என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

அடுத்த வருடம் வீட்டுக்காரர்கள் புதுக் குளியலறை கட்ட செங்கல் இறக்கினார்கள். நான் அம்மா வீட்டில் இருந்த சமயம் அது. திரும்பி வந்து பார்த்தால் செடியைச் சுற்றி நாலு பக்கமும் செங்கல் அடுக்கு. உச்சிக் கொழுந்து மட்டும் எட்டிப் பார்த்தது. வேலை ஏதோ காரணத்தால் தள்ளிப்போக, செங்கல் மாதக்கணக்கில் அப்படியே நின்றது. நான் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். செடி வெளிச்சத்தைத் தேடி அடுக்குக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது.

ஒருவழியாகச் செங்கல்லை எடுத்தபோது உள்ளே இருந்த பக்கக் கிளைகள் எல்லாம் பட்டுப்போயிருந்தன. விரல் தடிமனில் ஒரு மொட்டைத் தண்டு, என் மார்பு உயரத்துக்கு. அதன் தலையில் மட்டும் ஒரு கொத்துக் கிளை, பாரம் தாங்காமல் கீழ்நோக்கி வளைந்து தொங்கியது.

என் கணவர் பார்த்துவிட்டு, "கொடக் காம்பு மாதிரி கீதே" என்று சிரித்தார்.

"அப்ப கொடையாவே ஆக்கிடறேன்" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். சொன்ன பிறகு, ஏன் கூடாது என்று தோன்றியது.

கடையில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சின்ன சைக்கிள்கள் இருந்தன. கோணிப்போன ரிம் ஒன்றைக் கேட்டேன்.

"செடிக்கு ரிம்மா? கடைல எனக்கு வேலையே இல்லன்னு நெனச்சிக்கினியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது ரிம் தோளில் தொங்கியது. சட்டைப் பையில், பழைய ட்யூபை ஒரே அகலத்தில் நறுக்கிய ரப்பர் பட்டைகள். நான் பட்டை கேட்கவே இல்லை. கயிறு கட்டினால் தண்டை அறுக்கும் என்று அவராகவே யோசித்திருக்கிறார்.

மூன்று சவுக்குக் கொம்பு நட்டு, அதன்மேல் ரிம்மைப் படுக்கவைத்துக் கட்டினோம். நடுவில் தண்டு. கிளைகளை ஒவ்வொன்றாக ரிம்மின் மேலே போட்டு ரப்பரால் தளர்வாகக் கட்டினேன். நுனி கிள்ளினால் ஒன்று இரண்டாகும். அப்படிக் கிள்ளிக் கிள்ளிக் கிளையைப் பெருக்கினேன். தண்டில் வரும் துளிரையும் வேரிலிருந்து முளைக்கும் கன்றையும் வெள்ளிக்கிழமைதோறும் பறித்துவிடுவேன். ஒரு மழைக்காலத்தில் சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சிகள் வந்து முட்டையிட்டு, பச்சைப் புழுக்கள் பாதி மரத்தைத் தின்றுவிட்டன. மருந்து அடிக்க மனசில்லை. குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளினேன், மூன்று நாள் ஆயிற்று.

மூன்றாம் வருடம் ரிம்மைக் கழற்றினோம். அவர் கொம்பைப் பிடித்துக்கொள்ள, நான் பட்டைகளை அவிழ்த்தேன். கிளைகள் லேசாக எழும்பி ஆடின. பிறகு வளைந்தபடியே நின்றன. நாலு பக்கமும் ஒரே சீராக, முழங்கால் வரைக்கும், வெள்ளையும் ரோஸும் பச்சையுமாகக் கொட்டிக்கொண்டு நின்றது மரம். அவர் ஒருமுறை சுற்றி வந்தார். "கடைக்கு நேரமாச்சி" என்றார். ஆனால் போகவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டுக்குப் பெயர் மாறிவிட்டது. அதுவரை சைக்கிள் பாய் வீடு. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி வழி சொல்ல வாய் திறப்பதற்குள், "கலர் மரத்து வூடுதான? தெரியும்மா" என்றார் ஓட்டுநர். அன்றைக்கு வீடு வரைக்கும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து அக்காவின் சொந்தக்காரர்கள் வந்தால் மரத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். "எங்க வூட்டு மரம்" என்று அக்கா சொல்வது உள்ளே எனக்குக் கேட்கும். கொஞ்சம் உறுத்தும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

இரண்டாயிரத்து நாலில் ஏரிப் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டினோம். கிளம்பப் போகிறோம் என்று சொன்னதும் அக்கா, "அந்த மரத்த மட்டும் வுட்டுட்டுப் போம்மா" என்றார்.

"எப்டிக்கா? எட்டு வருசம் வளத்தது."

"மண்ணு எங்களுதாச்சே."

"மண்ணு இங்கயேதான் இருக்கப் போவுது. மரம் என்னுது."

அக்காவிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது. "பேத்தா சாவும். அப்புறம் உனுக்கும் இல்ல, எனுக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்த இரண்டு மாதம் எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனது.

அவர் சொன்னது எனக்கும் பயம்தான். அதனால் அவசரப்படவில்லை. முதல் மாதம் தண்டைச் சுற்றிப் பாதி வட்டத்துக்கு மண்ணைத் தோண்டி, வேரை அறுத்து, மக்கிய இலையால் நிரப்பினேன். அறுத்த இடத்தில் புது வேர் விட்ட பிறகு, அடுத்த மாதம் மறுபாதி. கடைசியில் மண்கட்டி உடையாமல் பெயர்த்து ஈரக் கோணியில் வைத்துத் தைத்தோம்.

கடையில் சாமான் ஏற்றும் மூன்று சக்கர சைக்கிள் வண்டி இருந்தது. மரத்தை அதில் நிற்கவைத்து அவர் மிதித்தார். கிளைகள் சக்கரத்தில் மாட்டாமல் நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடந்தேன். கடைத்தெரு நடுவில் அதுவரை நான் அப்படி நடந்ததில்லை. ஓரமாகப் போய் ஓரமாக வருவதுதான் வழக்கம். அன்றைக்குக் கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பஸ் ஒன்று எங்களுக்காக நின்றது.

டீக்கடையிலிருந்து ஒருவர், "இன்னா பாய், மரத்துக்குக் கல்யாணமா?" என்று கேட்டார்.

"வூடு மாத்துறோம்பா" என்றார் இவர். "வூட்டுல இருக்கறவங்கள வுட்டுட்டு வர முடியுமா?"

நான் தலைகுனியாமல் நடந்தேன்.

நட்ட ஒரே வாரத்தில் அத்தனை இலையும் கொட்டிவிட்டது. வெறும் கிளைகள் விளக்குமாறு மாதிரி தொங்கின. தினமும் காலையில் நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பார்ப்பேன். உள்ளே பச்சை இருந்தால் மூச்சு வரும். நாலாவது வாரம், கிளைக் கணுக்களில் குங்குமப் புள்ளி மாதிரி சிவப்பு. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து, எண்ண முடியாமல் விட்டேன். கடைக்கு ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் கையைக்கூடக் கழுவாமல் கிளம்பி வந்துவிட்டார்.

சில மாதம் கழித்து வீட்டுக்காரம்மா ஆள் அனுப்பினார். போனேன். பழைய குழியைச் சுற்றி, நாங்கள் விட்டுவந்த வேர்களிலிருந்து ஏழெட்டுக் கன்றுகள் முளைத்திருந்தன. யாரும் மிதிக்காமல் அவரே முள் வைத்துப் பாதுகாத்திருந்தார்.

"உன் மரத்துக்கு இங்க உசுரு இருந்திருக்கும்மா" என்றார். "எது வெச்சிக்கணும், எது புடுங்கணும்னு சொல்லு."

நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு, கொம்பு நட்டுக் கட்டிக்கொடுத்தேன். மற்றக் கன்றுகளைப் பையில் எடுத்துக்கொண்டேன். அவர் காப்பி போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கன்றுகளில் இரண்டை, பெருநகர் என்கிற பக்கத்து ஊரில் கல்யாண மண்டபம் கட்டிய ஒருவர் கேட்டு வாங்கிப்போனார். வாரம் ஒருமுறை போய் நானே வளைத்துக்கொடுத்தேன், ரிம் உள்பட. மூன்று வருடம் கழித்து அக்கா வீட்டுச் சொந்தத்தில் ஒரு கல்யாணம் அதே மண்டபத்தில் நடந்தது. வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு குடைகள், இடுப்பு வரைக்கும் இறங்கி நின்றன. பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா இலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ப்ளாஸ்டிக்கா, நெஜமாவா?" என்று என்னைக் கேட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். முன்பெல்லாம் இருந்திருப்பேன்.

"நெஜம்தான்மா. நான் வளத்தது" என்றேன்.

"நீங்களா? எப்டி இப்டி வளஞ்சிது?"

சொன்னேன். யூரியா, செங்கல், சைக்கிள் ரிம், ட்யூப் பட்டை, எதையும் விடவில்லை. அவர் கேட்கக் கேட்க இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். என் கணவர் உள்ளேயிருந்து வந்து பந்தி போட்டாச்சு என்று இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. அவரும் வந்து நின்று, ரிம் எத்தனை அங்குலம் என்று நான் தப்பாகச் சொன்னதைத் திருத்தினார். அந்தப் பந்தியில் எங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. அடுத்த பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.