எரு மூட்டை ஏற்றிய ஜீப்

சேத்தூரில் மாமனாரின் மாட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகளாக நின்ற ஜீப்பை இழுத்துவரச் சென்றபோது, அதன் பின்னிருக்கைக்கு அடியில் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியையும் முட்டைகளையும் கூடைக்கு மாற்றிய பிறகே விஜயபாண்டி வண்டிக்குக் கயிறு கட்டினார். தரைத்தகடு துருவில் உதிர்ந்து, ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் கொட்டகையின் மண் தெரிந்தது.

விஜயபாண்டி இராணுவத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வடக்கே மலைச்சாலைகளில் கனரக வண்டி ஓட்டிய கைகள் அவருடையவை. இராசபாளையத்து வீட்டுக்கு வந்த பின்னரும் பழைய ஒழுங்குகள் எதுவும் மாறவில்லை. விடியுமுன் முகம் மழித்துவிடுவார். ஸ்பேனர்களை அளவு வாரியாகத் துணியில் பரப்பாமல் எந்த வேலையையும் தொடமாட்டார். இரும்பு வணிகர் எடைக்குக் கேட்ட ஜீப்பை அவர் கொண்டு வந்ததற்குக் காரணம் அவருடைய மனைவி வெங்கடேஸ்வரி.

அந்த அம்மையாருக்குத் தந்தை எழுதி வைத்த மாந்தோப்பு, தேவதானத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்த நாள் முதல் அவரால் அங்கே போக முடியவில்லை. தார்ச்சாலை முடியும் வரையில்தான் ஆட்டோ போகும். அதற்கப்பால் ஓடையும் உருண்டைக் கற்களும் நிறைந்த வண்டிப்பாதை. நடப்பதற்கு அது நெடுந்தொலைவு. தோப்பைப் பார்த்துக்கொண்ட தம்பி பாண்டிதுரையோ, மாமரங்கள் பட்டுவிட்டன, வெட்டிவிட்டுத் தென்னை வைக்கலாம் என்று வற்புறுத்திக்கொண்டிருந்தார்.

“போன்ல படம் அனுப்புனேன்லக்கா? அதப் பாத்தாத் தெரியலையா?”

“காஞ்ச கொப்பாப் பாத்துப் பாத்து எடுத்திருக்க. எம் மரத்த நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டுச் சொல்லுதேன்.”

“எப்பப் பாப்ப? பொங்கல் முடிஞ்சதும் வெட்டுறதுக்கு ஆளு வருது.”

“அதுக்குள்ள பாப்பேன்லே.”

இதைச் சொல்லும்போது வெங்கடேஸ்வரி தம்பியைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார். மறுநாள் விஜயபாண்டி சேத்தூருக்குப் போனார்.

இறுகிய திருகாணிகளை டீசலில் ஊறவைத்து, ஒன்றும் முறியாமல் கழற்றினார். பின் அச்சைத் திறந்தபோது உள்ளிருந்த எண்ணெய் சேறாகியிருந்தது. கழுவித் துடைத்து, பேரிங்குகளையும் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் வளையங்களையும் புதிதாக இட்டார். முன் அச்சுக்கும் அதே முறை. உடற்பகுதி, ஸ்ரீவில்லிபுத்தூரில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் சின்னத்துரையிடம் சென்றது.

சின்னத்துரை சுத்தியலால் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். “அண்ணாச்சி, இதுல இரும்பக் காட்டிலும் ஓட்டைதான் சாஸ்தி.”

“அப்ப ஓட்டைய நீரு வச்சுக்கிடும். மிச்சத்த எனக்குத் தாரும்.”

“பட்டி வச்சு மூடி பெயிண்ட் அடிச்சா ஒருத்தனுக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும்லா? அறுத்துட்டுப் புதுத் தகடு வச்சு வெல்டு பண்ணும்.”

அவ்வாறே செய்யப்பட்டது. கரும்பச்சை வண்ணம் பூசிய வண்டி, தகுதிச் சோதனையிலும் தேறியது.

பிழை வேறிடத்தில் நேர்ந்தது. ஜீப்பின் பின்பாரத்தை வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு தாங்குகிறது. இந்த அடிவாரத்தில் ஜீப் என்றால் மாங்காய் ஏற்றும் வண்டி. ஆகவே பின்புறம் இரண்டு பட்டைகளைக் கூடுதலாகச் சேர்ப்பது இங்கு எல்லோருக்கும் வழக்கம். இராசபாளையத்துப் பட்டறைக்காரர் கேளாமலே சேர்த்தார். விஜயபாண்டியும் தடிப்பைச் சரிபார்த்து, நிறைவாகத் தலையசைத்தார். இந்த வண்டி இம்முறை ஏற்றப்போவது மாங்காய் அன்று என்பது இருவர் நினைவுக்கும் வரவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் சக்கரங்களுக்கு எலுமிச்சை வைத்துப் புறப்பட்டார்கள். தேவதானம் வரையில் வெங்கடேஸ்வரி சிரித்த முகமாக வந்தார். வண்டிப்பாதையின் முதல் பள்ளத்தில் கைப்பிடியைப் பற்றினார். இரண்டாவதில் கண்களை மூடினார். ஓடைக்கரையில், “நிறுத்துங்க, ஏலல” என்றார். முகம் வெளிறியிருந்தது. விஜயபாண்டி வண்டியைத் திருப்பி, ஆள் நடக்கும் வேகத்தில் தார்ச்சாலைக்குக் கொண்டு வந்தார்.

மாலையில் பாண்டிதுரை வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். “பெயிண்ட் அருமையா இருக்கு அத்தான். வாசல்ல நிப்பாட்டி வருசா வருசம் பொங்க வைக்கலாம். நாளைக்குக் காலைல ஆளுக வாராங்க.”

வண்டிக்கு அடியில் படுத்துப் பட்டைகளைத் தடவிப் பார்த்தபோது விஜயபாண்டிக்கு விளங்கிவிட்டது: பாரமில்லாத வண்டியில் அவை வளைந்துகொடுக்காமல், பள்ளத்தின் இடியெல்லாம் உட்கார்ந்திருப்பவர் முதுகுக்கே போகிறது. ஆனால், கூடுதல் பட்டைகளைக் கழற்றினால் அடுக்கைப் பிணைக்கக் குட்டையான வேறு போல்ட் வேண்டும். கடைகள் அடைத்திருந்தன, பட்டறைக்காரரும் சொந்த ஊரிலிருந்து திரும்பவில்லை. உள்ளே வந்து மனைவியின் கட்டிலருகே அமர்ந்தார்.

“எந் தப்புத்தான். காய் ஏத்துற வண்டி மாதிரிக் கட்டிப்புட்டேன்.”

வெங்கடேஸ்வரி சற்று யோசித்தார். “அப்பா காலத்துலயும் இந்த ஜீப்பு அப்படித்தாங்க. மேல ஏறும்போது இடுப்பு ஒடியும். காய ஏத்திக்கிட்டு இறங்கும்போது தொட்டில்ல வந்தாப்புல இருக்கும்.”

விஜயபாண்டி நிமிர்ந்தார். “ஏட்டி, இத நேத்தே சொல்லப்படாதா?”

“நீங்க கேட்டியளா?”

“இப்பக் காய்க்கு எங்க போக?”

“சேத்தூர்ல எருக்குழி நெறஞ்சுல்ல கெடக்கு? மரத்துக்கும் ஆகும்.”

மறுநாள் காலையில் சேத்தூரில் மூட்டை மூட்டையாகத் தொழுவுரம் ஏறியது. ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னும் விஜயபாண்டி குனிந்து பட்டைகளின் வளைவைப் பார்த்தார். அது போதிய அளவு தணிந்ததும் கையை உயர்த்தினார். வெங்கடேஸ்வரி பொங்கலுக்கு எடுத்த சேலையில் முன்னால் ஏறி அமர்ந்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

“பட்டுச் சீலையும் சாணி மூட்டையுமா வாரேன். ஊரு என்ன சொல்லும்?”

“இடுப்பு என்ன சொல்லுதுன்னு பாரு.”

ஓடையை வண்டி அசைந்து அசைந்து கடந்தது. ஒருமுறை அவர் “மெதுவா” என்றார். “நிறுத்துங்க” என்று சொல்லவில்லை.

தோப்பில் பாண்டிதுரையும், கோடரியுடன் வெட்டுபவர்களும் காத்திருந்தார்கள். வெங்கடேஸ்வரி கணவரின் தோளைப் பற்றியபடி மரம் மரமாக நடந்தார். மேல்வரிசையில் மூன்று சப்பட்டை ரக மாமரங்கள் பட்டுத்தான் போயிருந்தன. தம்பி படமெடுத்தவை அவைதாம். மற்றவற்றில் கொப்பு நுனிகளில் பூங்கொத்துகள் விரியத் தொடங்கியிருந்தன. ஒரு கொத்தைத் தாழ்த்தி முகர்ந்துவிட்டு அவர் தம்பியைப் பார்த்தார்.

“இந்த மூணையும் வெட்டு. மத்ததுல கோடாலி படக்கூடாது.”

“தென்னைன்னா பாடு கம்மிக்கா. தண்ணி பாய்ச்சவும் காவலுக்கும் நான் ஒருத்தனாத்தான அலையுதேன்?”

அதில் உண்மை இருந்தது. வெங்கடேஸ்வரியின் குரல் தணிந்தது. “இனி மாசாமாசம் நானும் வாரேன்லே. வண்டி இருக்குல்ல.”

பாண்டிதுரை மூட்டைகளை இறக்கப் போனார். பாதி இறங்கியபோதுதான் விஜயபாண்டிக்கு நினைவு வந்தது. “மாப்ள, பொறு! உங்கக்கா திரும்பிப் போகணும்ல. வெறும் வண்டின்னா கொன்னுரும்.”

பிறகு வெட்டுபவர்கள் பட்ட மரத்தின் பக்கம் போனார்கள். எரு, பூத்த மரங்களின் அடிக்குச் சென்றது; துண்டான கட்டைகள் ஜீப்பில் ஏறின. விஜயபாண்டி குனிந்து வளைவைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

வெங்கடேஸ்வரி முன்னிருக்கையிலிருந்து திரும்பி, பருத்த உடம்புடன் நின்ற தம்பியை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“ஏலே, நீயும் ஏறு. பாரம் பத்தல.”