தபீதாளின் ரகசியப் பைகள்

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் சட்டென்று நின்றுவிடும். கழுத்தில் டேப், வாயில் குண்டூசி, கண் மட்டும் பக்கத்தில் சாய்த்துவைத்த போனில். "அம்பு கீழ பாக்குதுக்கா" என்பார் தபீதாள், ஊசியைக் கடித்தபடியே. என் ரவிக்கையின் ஒற்றைக் கை பாதித் தையலில் தொங்கும். எங்கள் ஊர் கீழ்க்கட்டளையில் இவரிடம் துணி கொடுத்தவர்களுக்கெல்லாம் இந்த அம்பு பழக்கம்தான்.

அம்பு அவர் மகள் சுஜியுடையது. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதிலேயே வந்த சர்க்கரை. இன்சுலின் இல்லாமல் முடியாது. கையில் ஒட்டிய சென்சார் அளந்து சொல்ல, இடுப்பிலிருக்கும் பம்ப் இன்சுலின் கொடுக்கிறது. சர்க்கரை இறங்கப்போகிறதென்றால் தானாகவே குறைக்கும், நிறுத்தும். அளவும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்பும் அம்மாவின் போனுக்கும் வந்துவிடும். "அம்பு சாஞ்சா சும்மா இருங்க; அலாரம் அடிச்சா மட்டும் மிட்டாய் குடுங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

தபீதாள் சும்மா இருக்கிற ஆளா? "நானே மெஷினாலதான் பொழைக்கிறேன், நம்ப மாட்டேனா? ஆனா நூல் அறுந்தா மெஷினுக்குத் தெரியுமாக்கா? அது பாட்டுக்கு ஓடும்" என்கிறார்.

அதனால்தான் ரகசியப் பைகள். சுஜியின் சீருடை, நைட்டி, ஞாயிறு ஆராதனைக்குப் போடும் கவுன், எல்லாவற்றிலும் உள்பக்கமாக ஒரு குட்டிப் பை. அதற்குள் ஆரஞ்சு மிட்டாய். பள்ளிக்கூடத்தில் அவள் உட்காரும் பெஞ்சுக்கு எறும்பு வரிசை கட்டி வருமாம். கை பழகிவிட்டது பாருங்கள், ஊரார் துணியிலும் பை வைத்து, மிட்டாயும் போட ஆரம்பித்துவிட்டார். என் நாத்தனார் மகள் கல்யாணத்தில் மேடையேறி போட்டோவுக்கு நிற்கும்போது, என் அக்குளில் என்னவோ ஊர்ந்தது. அதற்குமேல் சொல்ல மாட்டேன். சண்டைக்குப் போனால், "ஐயோ, உங்களுதுலயும் வச்சிட்டேனா? இருக்கட்டும்க்கா, ஒரு அவசரத்துக்கு ஆவும்" என்கிறார். இவரை என்னதான் செய்வது!

சுஜி பள்ளி அணியில் த்ரோபால் ஆடுகிறவள். போன மாதம் ஒரு ஆட்டத்தில் அம்பு லேசாகச் சாய்ந்ததும், தபீதாள் மாம்பழ ஜூஸும் கையுமாகக் கோர்ட்டுக்குள் ஓடினார். பந்து அவர் முதுகில் விழுந்தது. ஆட்டம் போச்சு. பம்ப் ஏற்கெனவே இன்சுலினை நிறுத்தியிருந்ததா, ஜூஸும் சேர்ந்துகொண்டதா, சர்க்கரை எங்கேயோ எகிறிவிட்டது. "இன்னொரு வாட்டி உள்ள வந்தேன்னா டீமை விட்டுடுவேன்ம்மா. சத்தியமா" என்றாள் சுஜி. அழாமல் சொன்னாள். அதில்தான் தபீதாள் ஆடிப்போனார்.

இந்தச் சனிக்கிழமை குரோம்பேட்டையில் இறுதியாட்டம். தெருமுனை ஸ்டாண்டில் நிற்கும் முனிரத்தினத்தின் ஆட்டோவில் தபீதாளோடு நானும் தொற்றிக்கொண்டேன். ரவிக்கை வாங்காமல் விடுவதாயில்லை. மூவரும் கம்பி வேலிக்கு வெளியே உட்கார்ந்தோம். ஆட்டம் சூடுபிடித்ததும் அம்பு சாய்ந்தது. தபீதாள் எழுந்துவிட்டார்.

"இன்னாக்கா, பெல்லு அட்ச்சிதா?" என்றார் முனிரத்தினம்.

"இல்லண்ணா. பம்பு இன்சுலினை நிறுத்திட்டேன்னு காட்டுது."

"அப்பால இன்னாத்துக்கு எய்ந்துக்கினு கீற? குந்துக்கா."

"கால் நிக்க மாட்டேங்குதுண்ணா." கழுத்து டேப்பைக் கழற்றி ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, மறுமுனையை அவரிடம் நீட்டினார். "புடிச்சுக்கோங்க. நான் ஓடினா இழுத்துடுங்க."

டேப்பின் ஒரு பக்கம் தாய், மறுபக்கம் ஆட்டோக்காரர். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தபீதாள் மணிக்கட்டில் இன்னொரு முடிச்சும் போட்டு இறுக்குவதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பாவம், பெற்றவள். மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தார். டேப் விறைத்தது. "வோணாம்க்கா, பொறு" என்று முனிரத்தினம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். போனில் எண்பத்திரண்டு. எழுபத்தெட்டு. அலாரம் அடிக்கவில்லை. எழுபத்தெட்டிலேயே நின்று, அம்பு மெல்ல நேரானது.

உள்ளே சர்வீஸ் போட நின்ற சுஜி, பந்தோடு வேலிப் பக்கம் திரும்பினாள். அம்மா வெளியேதான் இருக்கிறாளா என்று தேடினாள்.

தபீதாள் பிரித்த மிட்டாயை மகளுக்குத் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டி, தன் வாயில் போட்டுக்கொண்டார்.