விளக்கணைத்த கரையில் எனக்குக் கிடைத்த பதில்

1942ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த சனிக்கிழமை. சகோதரங்களே, அன்று சர்வேசுரன் எனக்குச் செய்த உபகாரத்தைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

கொழும்பில் யப்பான்காரனின் குண்டு விழுந்தது, திருகோணமலையிலும் விழுந்தது, அடுத்தது யாழ்ப்பாணம்தான் என்று ஊரெல்லாம் ஒரே கதை. எங்கள் கொழும்புத்துறையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. சட்டி பானையோடு சனம் வண்டி கட்டிக் கரையை விட்டுத் தள்ளியிருக்கிற ஊர்ப் பக்கம் ஓடியது. என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பி சூசையும் செவ்வாய்க்கிழமையே வள்ளத்தில் பூநகரிப் பக்கம் தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஞாயிறு பூசைக்காகச் சனி பொழுதுபட வந்து சேர்வது அவர்களுடைய வழக்கம்.

அன்று மத்தியானம் எங்கள் ஊர் அதிகாரி விதானையார் வந்தார். "இண்டையிலையிருந்து கரையிலை ஒரு வெளிச்சமும் இருக்கப்படாது. மாதா கெபி விளக்கும் வேண்டாம். மேலிடத்து உத்தரவு," என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் துறைக்கு இரண்டு பக்கமும் கல். இருட்டில் வருகிறவர்கள் கரையில் மாதா சுரூபம் வைத்த அந்தக் கெபியின் விளக்கைப் பார்த்து, அதற்கு நேரே வள்ளத்தை விட்டால்தான் தப்பலாம். கடலில் நிற்கிற மனிசருக்கு இந்த உத்தரவை யார் போய்ச் சொல்வது?

பின்னேரம் என் அண்ணை வண்டியோடு வந்தார். கடலுக்குத் தள்ளியிருக்கிற சண்டிலிப்பாயில், வயல் செய்கிற தெரிந்த கமக்காரர் ஒருவர் வீட்டில் எங்களுக்கு இடம் கேட்டு வைத்திருந்தார்.

"ஏறடி கெதியா. இஞ்சை இருந்து குண்டு விழுந்து சாகப் போறியே?"

"பிள்ளையளைக் கொண்டு போங்கோ அண்ணை. அவர் வந்தாப்போலை நான் வாறன்."

"உனக்கென்ன விசரே? நீ கரையிலை நிண்டு என்னத்தைச் செய்யப் போறாய்?"

"எனக்குத் தெரியாது. ஆனா நான் வரேல்லை."

துணிவில் நின்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில் கால் நகரவில்லை, அவ்வளவுதான். என் இரண்டு பெண் குஞ்சுகளும் அழ அழ வண்டி போய்விட்டது.

பொழுதுபட்டது. வள்ளத்தைக் காணவில்லை. மேகம் கறுத்துக் காற்றும் கிளம்பியது. நிலவும் இல்லாத நாள். கெபியடியில் நானும் பக்கத்து வீட்டு றோசம்மா அக்காவும் மட்டும் நின்றோம். பொறுக்க முடியாமல் நெருப்புப் பெட்டியை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடி, மேலை ஆகாயக்கப்பல் வந்தால் மிச்சச் சனமும் போயிடும்."

"அப்ப என்ன செய்யிறது அக்கா? சொல்லுங்கோ, என்ன செய்யிறது?"

"ஒவ்வொரு நாளும் இந்த நேரத்திலை என்ன செய்யிறனாங்கள்? செபமாலையை எடு."

எடுத்தேன். மனம் எங்கே ஒன்றியது! செபமாலையில் எந்தத் தேவ இரகசியத்தில் நிற்கிறேன் என்பதே மறந்து போனது. வள்ளம் கல்லில் அடிபடுவதுதான் கண்ணுக்குள் நின்றது. என் குரலோ பெரிய குரல். கோயிலில் நான் பாடினால் முன்வாங்கில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று காற்றோடு போட்டி போட்டுக் கத்தினேன். செபமாலை முடிவில் சொல்லும் மாதா பிரார்த்தனைக்கு வந்தபோது அது பிரார்த்தனையாகவே இல்லை, ஒப்பாரியாகிவிட்டது. நான் மாதாவை ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கூப்பிட, அக்கா "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு அவருக்கும் அழுகையில் தொண்டை அடைத்துவிட்டது. நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

ஆண் குரல். கடலுக்குள்ளிருந்து வந்தது.

ஐயோ, என் மாதாவே! அது என் வீட்டுக்காரருடைய குரல்! பிரார்த்தனையை விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினேன். அக்கா என் முதுகில் ஓங்கி அடித்தார். "நிப்பாட்டாதையடி! சொல்லு, சொல்லு!" சொன்னேன். பிரார்த்தனை முடிந்ததும் திரும்பத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பதில் கிட்டக் கிட்ட வந்தது. கடைசியில் வள்ளம் மணலில் உரசிய சத்தம் கேட்டது.

இவர் தண்ணீருக்குள் இறங்கி நடந்து வந்தார்.

"விளக்கெங்கை? கல்லுக்குள்ளை மாட்டிப் போட்டம் எண்டுதான் நினைச்சம். உன்ரை சத்தம் கேட்ட பக்கம் சூசை திருப்பினான்."

நான் மணலில் குந்தியிருந்து குழந்தைப் பிள்ளை போல அழுதேன்.

அதற்குப் பிறகும் அந்த உலகச் சண்டை முடிய வருடக்கணக்கானது. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாமலேதான் எல்லோரும் இருந்தோம். நான் இன்றைக்கும் பயந்தாங்கொள்ளிதான். ஆனால் அன்று தொடக்கம், எங்கே ஓடினாலும், யார் வீட்டில் ஒண்டியிருந்தாலும், பொழுதுபட்டால் செபமாலையைத் தவறவிட்டதில்லை. அந்த நேரம் வந்தால் என் கால் நிலத்தில் நிற்கிறது.

சகோதரங்களே, பயம் போகட்டும், மனம் அமைதிப்படட்டும், பிறகு செபிப்போம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அன்று பயம் போகவே இல்லை. பயத்தில் கத்திய அந்தச் சத்தத்தைத்தான் ஆண்டவர் என் புருஷனுக்கு வழியாக வைத்தார். நடுங்குகிற வாயாலேயே கூப்பிடுங்கள்.