கோல்கியில் நின்றுபோன சரக்கு

மைக்ராஸ்கோப் முன்னால் காத்துக் கிடப்பதே பிழைப்பாகிப்போன அன்பர்களே, நகராத ஒன்றை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் கொடுமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குடும்பத் தொழில்

கொச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. உயிருள்ள செல்லுக்குள் புரதம் இடம் மாறுவதைப் படம் பிடிக்க வேண்டும். மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் விற்கும் என் அத்தாவுக்கு ஒரு நாள் சாயா நேரத்தில் இதை விளக்கினேன். "செல்லில் ஓரிடத்தில் புரதம் தயாராகும். அங்கிருந்து கோல்கி என்ற இடத்துக்கு வரும். அங்கே தரம் பிரித்து, கொழுப்பாலான குட்டிப் பைகளில் அடைத்து, அதது போக வேண்டிய இடத்துக்கு அனுப்பப்படும்." அத்தா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நம்ம குடோன்ல நடக்கிறதும் இதுதானே மோளே! இதுக்கா இத்தன வருசம் படிச்சே?"

பச்சைப் பொட்டு

எங்கள் புரதம் போய்ச் சேர வேண்டிய இடம் செல்லின் வெளிச்சவ்வு. அதற்குப் பச்சையாக ஒளிரும் அடையாளம் ஒட்டியிருந்தோம். கோல்கி வரை சமத்தாக வந்தது. அப்புறம் அசையவே இல்லை. இன்குபேட்டரில் வைத்தால் ஒழுங்காக வெளியே போகிற புரதம், என் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வந்ததும் அடம் பிடித்தது. செல்லை மாற்றினோம், புரதத்தைத் திட்டினோம். மாதம் முடிவதற்குள் படம் வராவிட்டால் ப்ராஜெக்டும் இல்லை, உனக்கு வேலையும் இல்லை என்று ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. வைப்பின் தீவிலிருந்து போட்டில் வியர்த்து வழிந்து வரும் சகா ஜோபின், என்னை அக்கா முறைக்கு 'இத்தா' என்று கூப்பிடுகிறவன், வழக்கம்போல ஏசியை முழுசாகத் திறந்துவிட்டுத் திரையைப் பார்த்தான்.

"இத்தா, உள்ளே ஹர்த்தாலாக்கும். ஒரு வண்டியும் ஓடாது."

வியர்வைக் குளியல்

மறுநாள் ஏசிக் குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்தும்போதுதான் பொறி தட்டியது. எனக்கே இப்படி நடுங்குகிறதே, மூடி திறந்த தட்டில் கிடக்கும் செல்லுக்கு? அடியிலிருந்த சூடேற்றி, செல்லுக்குத் தேவையான முப்பத்தேழு டிகிரி என்றுதான் காட்டியது. தட்டுக்குள்ளேயே தெர்மாமீட்டரை வைத்தேன். இருபது! ஏசிக் காற்று நேராகத் தட்டின் மேல் வீசிக்கொண்டிருந்தது. இருபது டிகிரியில் கோல்கியை விட்டுச் சரக்கு கிளம்பாது என்று பாடத்திலேயே படித்திருக்கிறேன். படித்து என்ன பயன், ஏசி சுகமாக இருந்ததே!

ஏசியை அணைத்தேன். "நம்மள் வெந்து போவும் இத்தா" என்று ஜோபின் கெஞ்சினான். காதில் வாங்கவில்லை. தட்டு சூடேறியது, நாங்களும் சூடேறினோம். திடீரென்று பச்சைத் திட்டிலிருந்து ஒரு புள்ளி கழன்றது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு கூட்டம் கூட்டமாக ஓரத்துக்கு ஓடிச் சவ்வில் கலந்தன. செல்லின் விளிம்பு முழுக்கப் பச்சை! நான் போட்ட கூச்சலில் மேடம் ஓடி வந்தார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தவர், கடைசியில் என் தோளைத் தட்டினார்.

"ஷாஹிதா, அடுத்த வருசமும் நீ இங்கதான். அந்த ஏசி ரிமோட்ட மட்டும் எங்கிட்ட குடு."

ஆக, செல்லுக்குள் சரக்கு ஜோராக ஓடுகிறது, என் வேலையும் ஓடுகிறது, அறைக்குள் நாங்கள்தான் புட்டாக வெந்துகொண்டிருக்கிறோம்.