கொழுந்துக்குப் போன கரண்ட்

நேற்று மத்தியானம் சூரியநெல்லியில் கரண்ட் போனது. டீக்கடைக்காரத் தம்பி ஜெனரேட்டரைக் கிளப்பினான். டீசல் புகை மூக்கில் ஏறியதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

அது என் அப்பாவின் நாற்றம். தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் ஜெனரேட்டர் ஓட்டியவர். எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் பிசைந்து தரும் சோற்றில் டீசல் நாறும்.

எனக்கு அப்போது ஏழு வயது. மழையில் மின்கம்பம் சாய்ந்து மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. கொழுந்து வாட்டும் விசிறிகளுக்கு மட்டும் ஜெனரேட்டர் ஓடியது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் அம்மாவுக்குப் பிரசவ வலி. மழை இருட்டில் எதுவும் தெரியவில்லை என்று நர்ஸம்மா என்னை ஃபேக்டரிக்கு விரட்டினார்.

ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் அப்பா கெஞ்சினார். “பிள்ளைத்தாச்சி இருட்டுல கெடக்காய்யா. ஒரு மணி நேரம் அங்க கரண்ட் விடட்டுமாய்யா?”

“கொழுந்து கெட்டா நீயாலே பதில் சொல்லுவ? பிள்ள பெக்க மெழுகுவத்தி போதும், நீ போலே.”

டீமேக்கர் போய்விட்டார். டிஸ்பென்சரிக்குக் கரண்ட் விடும் சுவிட்ச் அப்பாவின் தலைக்கு மேலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் அம்மாவின் ரத்தப்போக்கை நர்ஸம்மா கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. கொழுந்து கெடவில்லை.

டீமேக்கரை விடுங்கள். அப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

“டீ ஆறுதுக்கா” என்றான் தம்பி.

“ஆறட்டும்” என்று எழுந்து வந்துவிட்டேன்.