கட்டியங்காரனின் கூடை

ரிஷிவந்தியம் பக்கத்துக் கூத்து ஜமாவில் ஏகாம்பரம்தான் கோமாளி, கட்டியங்காரன். அவன் வாயில் விழாத ஆள் ஊரில் இல்லை. எண்பத்தேழில் எங்கள் சாதிக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டுச் சாலையெங்கும் மரம் வெட்டிப் போட்டிருந்த நேரம்.

"நமக்கே பங்கு இல்ல. சிலோன்லேர்ந்து வந்ததுங்களுக்கு வூடு கட்டித் தராங்களாம்!" என்று எரிந்து விழுவான்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி ஏரிக்கரையில் குடியேறிய அந்தச் சனங்களைக் கூத்தில் நாறடிப்பது என்று முடிவு செய்தான். முதுகில் கூடை, நெற்றியில் அதன் கயிறு. கண்ணாடி முன்னால் தேயிலை பறிப்பவளைப் போலக் கூனி நடந்து பார்த்தான். அவனுக்கு மிருதங்கம் வாசிக்கும் நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

அடுப்படியிலிருந்து வந்த அவன் அம்மா அமிர்தம் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

"நெத்தியில மாட்டிக்கினா நடக்க முடியாதுடா. உச்சியில மாட்டணும்."

எப்போதும் தலையை மூடியிருக்கும் முந்தானையை விலக்கினாள். உச்சியில் கயிறு தேய்த்த தடத்தில் ஒரு முடிகூட இல்லை.

"கல்யாணத்துக்கு முந்தி பத்து வருசம் சிலோன் தோட்டத்துல கூடை சொமந்தேன். வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு உங்கப்பாதான் மூடிக்கச் சொன்னாரு. இப்ப ஆடுடா, பாக்கலாம்."