கரும்புக்கு அந்தப்பக்கம் டவர்

எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் முதலில் வந்தது டெலிபோன் கம்பி வழியாக. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மோடம் கொஞ்ச நேரம் கரகரவென்று கத்திவிட்டு அமைதியாகும். ஒரு பக்கம் திறப்பதற்குள் அம்மா அரிசி களைந்து உலையில் போட்டுவிடுவார். நெட்டில் இருக்கும்வரை வீட்டுக்கு யாரும் போன் செய்ய முடியாது. ஒருநாள் காலையிலிருந்து லைனே கிடைக்கவில்லை என்று ரிஷிவந்தியத்திலிருந்து பெரியம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலிலேயே அழுதுகொண்டு வந்தவர், நாங்கள் எல்லாரும் உயிரோடு இருப்பதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டார். அதன்பிறகு அப்பா, நெட் போடுவதற்கு முன்னால் பெரியம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிடுவார்.

பிறகு செல்போன் வந்தது, டெலிபோன் கம்பி போனது. கம்பங்கள் மட்டும் வரப்போரம் நிற்கின்றன. ஒன்றில் மாடு கட்டுகிறோம்.

எங்கள் வீடு ஊருக்குள் இல்லை. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, சொந்தக் கொல்லையில் கட்டிய ஒற்றை வீடு. கொல்லை என்றால் எங்கள் பக்கம் நிலம். சுற்றிலும் கரும்பு. மேற்கே கல்வராயன் மலை. அந்தப் பக்கத்திலிருந்து மழை வரும், குரங்கு வரும், சிக்னல் வராது.

அம்மா இறந்தபோது காரியத்துக்கு வந்தவள் நான், திரும்பிப் போகவில்லை. சென்னையில் எனக்கு மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்காவில் யாராவது ஏணியிலிருந்து விழுந்தால், அப்படி விழுந்ததற்கு என்ன எண் என்று பார்த்துப் போடுவது. இதை எங்கிருந்தும் செய்யலாம் என்று ஆபீஸில் ஒத்துக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை, நெட் அறுந்துகொண்டே இருந்தால் சென்னைக்கு வந்துவிட வேண்டும். நான் போய்விட்டால் கொல்லையில் அப்பா தனி ஆள். இன்று வடித்த சோற்றை நாளைக்கும் சாப்பிடுவார். கூட வாருங்கள் என்றால், மாட்டை யார் பார்ப்பது என்பார். என்னை இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். பெற்ற பெண்ணிடம் இரும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

சொல்லாமல் அவர் நெட்டைத் தேடிக் கிளம்பினார். கேபிள் டிவிக்காரர் ஒற்றை வீட்டுக்காக அவ்வளவு தூரம் ஒயர் இழுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். கம்ப்யூட்டரில் சொருகுகிற டாங்கிள் ஒன்று வாங்கிவந்தார். அது தோசைக்கல் மாதிரி சுட்டது. வேறு ஒன்றும் செய்யவில்லை. என் போனிலிருந்தே ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தேன். பெரியம்மா போன் செய்தால் நெட் அறுந்தது. அவரும் சலிக்காமல் செய்தார்.

கடைசியில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில், சிம் போட்டு மாடியில் வைக்கிற ரவுட்டர் ஒன்று கிடைத்தது. நாலு கோடு சிக்னல். கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் மூன்று கோடானது, பிறகு இரண்டு. கடைக்காரர் சிம்மை மாற்றச் சொன்னார், மாற்றினோம். ஒயரை மாற்றச் சொன்னார், மாற்றினோம். ஒரு நாள் எரிச்சலோடு மாடியில் நின்று கிழக்கே பார்த்தபோதுதான் உறைத்தது. ரவுட்டர் வாங்கியபோது கரும்பு முழங்கால் உயரம். ஊருக்குள் இருக்கும் செல்போன் டவர் முழுசாகத் தெரிந்தது. இப்போது எங்கள் கரும்பு மாடியை எட்டிவிட்டது, டவரின் தலை மட்டும்தான் தெரிந்தது. மழையில் தோகை நனைந்தால் ஒரு கோடும் இல்லை. சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். கரும்பு என்றால் வளரத்தானே செய்யும் என்றார்.

ரவுட்டரை இரும்புக் குழாயில் கட்டி உயர்த்தினார், ஆடிக்காற்று இறக்கிவைத்தது. தென்னை மரத்தில் கட்டினோம், அதை அணைத்து மறுபடி போட ஒவ்வொரு முறையும் ஆள் ஏற வேண்டியிருந்தது. என் மேலாளர் பொறுமையான பெண்மணி. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்பதைப் பல மாதங்கள் சொன்னார்.

சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது. கரும்பு லாரி ஏறிப் போனது. மறுநாளே நாலு கோடு. நான் சந்தோஷப்படவில்லை. வெட்டிய கட்டையிலிருந்து கரும்பு மறுபடி தழைக்கும். நடவுச் செலவு இல்லாமல் வருகிற மகசூல், அதை யாரும் விடமாட்டார்கள். இந்த நாலு கோட்டின் ஆயுள் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், மேலாளருக்கும் சொல்லியிருந்தேன். சென்னைக்கே வந்துவிடு, திங்கட்கிழமை மீட்டிங்கில் முடிவைச் சொல் என்றார். அப்பாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. போகலாம் என்றுதான் பாதி மனது இருந்தது.

அந்த வாரமே அப்பா டிராக்டர் பிடித்துக் கட்டையை உழுதார். தழைக்க ஆரம்பித்திருந்த பச்சையெல்லாம் மண்ணுக்குள் போனது. பாசனக் கொல்லையில், ஒரே வெட்டு முடிந்த கட்டையை உழுதவர் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைத்தார். ஊர் சும்மா இருக்குமா? கேட்ட ஒருவரிடம் அப்பா மண் களைத்துவிட்டது என்றார், இன்னொருவரிடம் குருத்துப்பூச்சி என்றார். நான் கேட்டதற்கு, "மல்லாட்டை துன்னு ரொம்ப நாளாச்சு" என்றார்.

திங்கட்கிழமை மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. மேலாளர் என் முடிவைக் கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஆலையின் பீல்டுமேன். எங்கள் பக்கத்துக் கரும்புக்கெல்லாம் கணக்கு அவரிடம்தான்.

"நல்லா தழையற கட்டயப் போயி உழுதுகினு, இன்னாங்க இது?" என்று வாசலில் நின்ற அப்பாவிடம் கேட்டார். அவருக்கு நிஜமாகவே மனசு கேட்கவில்லை.

அப்பா இவரிடம் என்ன காரணம் சொல்லப்போகிறார் என்று நானும் காது கொடுத்தேன்.

"கரும்பு வளந்தா நெட்டு போயிடுதுங்க," என்றார் அப்பா. "நெட்டு போனா பாப்பா போயிடும்."

என் மைக் திறந்தே இருந்தது. நாலு கோட்டில் அது துல்லியமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். மேலாளருக்குத் தமிழ் தெரியாது. யார் பேசுகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். என் அப்பா, பயிரைப் பற்றிப் பேசுகிறார் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டதால் கேமராவை நிறுத்திவிட்டேன். சரி, முடிவு என்ன என்றார். சென்னைக்கு வர இயலாது, இங்கே நெட் நன்றாக வருகிறது என்றேன்.